தளபதி வரும் நேரம்

பழைய நாடகம்தான். சைவ இளவரசன் ஒரு சமணப் பெண்ணைக் காதலித்து, யாருக்கும் தெரியாமல் அவள் கழுத்தில் தாலி கட்டுவான். இரண்டு முடிச்சு விழுந்ததும் தளபதி வாளோடு பாய்ந்து வந்து "நிறுத்து" என்று கத்த வேண்டும். மூன்றாவதும் விழுந்துவிட்டால் அது நடிப்பில்லை, நிஜக் கல்யாணமே ஆகிவிடும் என்று அந்தக் குழுவில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அதனால் தளபதி ஒருநாளும் தாமதித்ததில்லை.

இன்று இரண்டு முடிச்சும் விழுந்தாயிற்று. தளபதி வரவில்லை.

சமணப் பெண்ணாக நடித்த ஃபரிதா, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினாள். தளபதி வேடத்தில் அவளுடைய அண்ணன் இதாயத் பக்கத்திரையை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். உருவிய மரவாள் கையில் இருந்தது. இளவரசனாக நடிக்கும் தயாளனின் விரல்கள் அவள் பிடரியில் கயிற்றைப் பிடித்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கண்ணன் ஏன் வரல?" தயாளன் உதடு அசையாமல் கேட்டான். "நம்ம விஷயம் தெரிஞ்சிருச்சா?"

"தெரியலயே. மத்தியானத்துல இருந்தே எங்கிட்ட பேசல."

"கயித்த விட்டுரவா?"

ஆர்மோனியக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அண்ணன் ஒரு அடி முன்னால் வைத்தான். மேடை விளக்கு அவன் முகத்தில் விழுந்தது. அதில் இருப்பது கோபமா, வேறு ஏதாவதா என்று கூடப் பிறந்தவளுக்கே பிடிபடவில்லை. அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் ஃபரிதா கையைப் பின்னால் கொண்டுபோய், முடிச்சுப் போட வாகாகத் தன் பின்னலைத் தூக்கிப் பிடித்தாள்.