விழத் தெரிந்தவன்

“பிரானக்கை உட்கார வையுங்க. அவன் காலம் முடிஞ்சு போச்சு,” என்றது தொலைபேசியில் ஒரு வயதான பெண்குரல்.

வானொலி நிலையத்தில் மைக்கின் முன்னால் இருந்த டெலூக்காவுக்கு, பேசுவது யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ரூத் என்று பேர் சொல்லிக்கொள்வாள். இந்த வாரம் முழுக்க மத்தியானம் நிகழ்ச்சி தொடங்கியதும் முதல் ஆளாக வந்து இதே பாட்டைத்தான் பாடுகிறாள்.

ஈரி ஏரிக்கரையில் அந்த ஊரே நிலைகொள்ளாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜெயித்தால் இறுதிப் போட்டி, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷமாக அணிக்குப் பந்தெறியும் குவார்ட்டர்பேக் லைல் பிரானக், அந்த ஊர்ப் பிள்ளை, போன ஆட்டத்தில் தலையில் அடிபட்டு விழுந்திருந்தான்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சரி என்றுவிட்டார். இவன் ஆடுவதா, புதிதாக வந்த கீஸை இறக்குவதா என்பதைப் பயிற்சியாளர் பிரானக்கின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

“மேடம், அந்த மனுஷன் உங்களுக்கு அப்படி என்னதான் கெடுதல் பண்ணினார்?” டெலூக்கா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. காவலுக்கு நிக்கிற முன்வரிசை உடைஞ்சா கீஸ் என்ன பண்றான்? ஓடுறான். ஓட வழியில்லேன்னா தானே சறுக்கித் தரையில உட்கார்ந்துடுறான். அப்படி உட்கார்ந்தவனை யாரும் முட்டக் கூடாதுன்னு விதி இருக்குல்ல? எந்திரிச்சு, தூசியைத் தட்டிட்டுப் போறான்.”

“அதை எங்க பக்கம் பயந்தாங்கொள்ளித்தனம்னு சொல்லுவோம்.”

“நாற்காலில உட்கார்ந்துட்டு எதுவும் சொல்லலாம்பா.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழைப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்த மார்லா, சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள்.

டெலூக்காவுக்குச் சுருக்கென்றது. “பிரானக் மாதிரி நின்னு எறியறவர் இன்னிக்கு எத்தனை பேர் இருக்காங்க? மூணு தடியனுங்க மேல பாஞ்சு வருவானுங்க, மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார். அந்தக் கோடியில ஓடுறவன் கைக்குள்ள கொண்டு போய் வெச்ச மாதிரி பந்து விழும். கீஸ் எறியறது எல்லாம் வேலிக்கு மேல பக்கத்து வீட்டுக்கு எட்டிக் கொடுக்கிற தூரம்.”

“பந்து எங்க விழுந்துச்சுன்னு பாத்தே. எறிஞ்சவன் எங்க விழுந்தான்னு பாத்தியா? அத்தனை கண்ணும் பந்து பின்னாடி போயிடும், அவன் அடியில நசுங்கிக் கிடப்பான். அஞ்சாம் வகுப்புலேருந்தே இப்படித்தான். விழத் தெரியாது.”

டெலூக்கா உதட்டைப் பிதுக்கினார். பஸ் ஓட்டினவர், முடி வெட்டினவர், பல் பிடுங்கினவர் என்று அந்த ஊரில் பிரானக்கைச் சின்னப் பையனாகப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளாத ஆளே கிடையாது.

“கீஸை இறக்கித் தோத்துட்டா?”

“தோக்கட்டும்.”

மற்ற அழைப்பு விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் மின்ன ஆரம்பித்தன. அந்தக் கிழவி எதிர் அணிக்காரி, லைனைத் துண்டியுங்கள் என்று ஊரே கத்துவதாக மார்லா சைகை காட்டினாள்.

“இதை ரேடியோவுல வந்து சொல்லி என்ன ஆகப் போகுது மேடம்?”

“ஊர் சொன்னா கேப்பான். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டான்.”

அப்போது டெலூக்காவின் காதில் மார்லாவின் குரல் பரபரத்தது. “பிரானக் லைன்ல இருக்கார். அவரேதான்.”

டெலூக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரூத்தின் அழைப்பைத் துண்டிக்காமல் அப்படியே விட்டு, இன்னொரு பொத்தானை அழுத்தினார். “நேயர்களே, முடிவைச் சொல்ல அவரே வந்துட்டார். லைல், ஞாயித்துக்கிழமை இறங்குறீங்கதானே?”

“இறங்குறேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.” பிரானக்கின் குரல் கணீரென்று இருந்தது. “இந்த ஊர் என்னை நம்பிட்டு இருக்கு. ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பாக்க என்னால முடியாது.”

“அப்படிச் சொல்லுங்க. ஆனா ஒரு நிமிஷம், உங்களை உட்கார வெக்கச் சொல்லி வாரம் பூரா மல்லுக்கட்டின மேடம் இதோ கேட்டுட்டு இருக்காங்க. மேடம், இப்ப அவர்கிட்டயே சொல்லுங்க பாப்போம்.”

ரூத்தின் லைனில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“வாய் அடைச்சுப் போச்சு போல,” என்று சிரித்தார் டெலூக்கா.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் ரூத். வாரம் முழுக்க மல்லுக்கு நின்ற குரல் இப்போது தழுதழுத்தது. “அன்னிக்கு அடிபட்டு எந்திரிச்சியே. நம்ம பெஞ்சை விட்டுட்டு எதிராளிங்க பெஞ்சைப் பாத்து நடந்தியே. அது உனக்கு ஞாபகம் இருக்கா?”

டெலூக்காவின் கையில் திறந்த பேனா திறந்தபடியே நின்றது. ரூத்தின் பக்கமிருந்து, வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத ஒரு விசும்பல் ஊர் முழுக்கக் கேட்டது.

கடைசியில் பிரானக் பேசினான். இந்தத் தடவை அது ஊருக்குப் பேசுகிற குரலாக இல்லை.

“அழாதே அம்மா. நான் ஆடல.”