காலிப் புல்லணை

"இன்னா நைனா, வைக்கோல் மட்டும் கீது, புள்ளையைக் காணோம்?"

குரல் கேட்டுப் பிலிப் திரும்பினார். மீர்சாகிப்பேட்டை மருத்துவச்சி ஹாஜிரா பீ குடிலுக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தோம் பக்கத்துச் சிறிய கோயிலில் இருபத்தாறு வருஷமாகக் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிப்பவர், அங்கே மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை பிலிப்தான். மலைக்குக் கோணிச் சாக்கு, புல்வெளிக்கு முளைவிட்ட கேழ்வரகு, வைக்கோல் மந்தைவெளிப் பால்காரர் கொடுத்தது. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது.

"இன்னும் பொறக்கல, பாயம்மா. ராத்திரி பூசையிலதான் பாலனைக் கொண்டாந்து வெப்போம். அதுவரைக்கும் புல்லணை காலிதான்."

"அப்போ மரியம் பீபிக்கு இப்ப வலி கண்டுகினு கீதுன்னு சொல்லு!" அவள் மாதாவின் மண் சுரூபத்தைக் காட்டினாள். "சுடுதண்ணி எங்கே? பழந்துணி எங்கே? ஆடு மாடெல்லாம் கீது, மருத்துவச்சி ஒருத்தி இல்லியே?"

பிலிப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துப் பல நாளாயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷமாகவே அவருக்குப் பண்டிகை கசந்து கிடந்தது. கை அது பாட்டுக்கு நட்சத்திரம் கட்டும். மனசு மரக்கட்டையாக நிற்கும். சின்ன வயசில் பாலனை முத்தம் செய்யும்போது உடம்பெல்லாம் சிலிர்க்குமே, அது எங்கேயோ தொலைந்துவிட்டது. இந்த வருஷமும் அது திரும்பாவிட்டால் குடில் வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுவதென்று சாமியாரிடம் சொல்லியும் விட்டார்.

ஹாஜிரா பீ வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தலைச்சன் புள்ளைதானே? பொறந்த வூட்டுக்குப் போவாம, மாட்டுக் கொட்டாய்க்கு ஏன் வந்தா?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. பிலிப் கையிலிருந்த சணலைக் கீழே வைத்தார்.

"ராஜா உத்தரவு, பாயம்மா. அவங்கவங்க சொந்த ஊருக்குப் போயி பேர் குடுக்கணும். நெறமாச வயித்தோட அவ்ளோ தூரம் வந்துச்சு அந்தப் பொண்ணு. ராத்திரி வேற, குளிரு வேற. சத்திரத்துக் கதவைத் தட்டுனா, எடமில்லேன்னுட்டான்."

சொல்லிக்கொண்டே சுரூபத்தைப் பார்த்தார். மாதாவின் முகம் இன்று மண்ணாகத் தெரியவில்லை. பாவம், நடந்து நடந்து கால் வீங்கியிருக்குமே என்று நினைத்தார். எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாதாவின் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் தாம் செய்தது என்னவென்று புரிந்தது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஏழு வயசுப் பையனுக்கு அடிப்பது போல நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்று மெய்யாகவே ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது!

"அந்தச் சத்திரக்காரன் பொம்மை எது?" ஹாஜிரா பீ விடவில்லை.

"அந்தப் பாவிக்கு எவன் பொம்மை செய்வான்? வலியோட நிக்கிற பொண்ணைப் பார்த்துக் கதவைச் சாத்தினவன் மனுசனா? நானா இருந்தா ரெண்டு கையாலயும் தூக்கிக்கினு உள்ளே போயிருப்பேன்!"

"மெய்யாலுமா?"

"மாதா மேல ஆணையா!"

ஹாஜிரா பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்போ எந்திரி, நைனா. உன்னைக் கேக்காம கண்ணாலம் கட்டிக்கினான்னு ரெண்டு வருசம் முன்னால நீ கதவைச் சாத்துனியே, உம் பொண்ணு லூயிசா, வலி கண்டு வாசல்ல ஜட்காவுல கீறா."