ஐந்தரை நம்பர் குழாய்

"வயசை நாலால வகுத்து, நாலைக் கூட்டணும். அவ்வளவுதான் சார்," என்றார் மயக்க மருந்து டாக்டர் நாராயணம்மா.

ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் இருந்த சின்ன அறை. பச்சைத் துணி விரித்த தட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. டான்சிலை எடுத்து முடிக்கும்வரை குழந்தை அனுப்ரியா அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும்.

குழாயின் மேல் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்ததும் அவள் அப்பா ராஜேஷ்குமாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவன் ஓசூரில் பிஸ்டன் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்பு மை தடவித் திருப்பி அனுப்புகிறவன்.

"இது உள் அளவா, வெளி அளவா மேடம்?"

"உள் அளவு. அரை அரை மில்லியாத்தான் சைஸ் வரும்."

"அரை மில்லியா! எங்க கம்பெனியில அரை மில்லி விட்டா லைனையே நிறுத்திருவாங்க."

டாக்டர் சிரித்தார். "உங்க பிஸ்டன் இருமாது சார். இங்க பெரிசாப் போட்டா தொண்டை வீங்கிக்கும். சின்னதாப் போட்டா காத்து கசியும். அதான் வயசு சரியா வேணும்."

"அஞ்சு வயசு, ரெண்டு மாசம்." சட்டைப் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழ் நகலை எடுத்து நீட்டினான். அவர் கேட்காமலே கணக்கையும் முடித்தான். "அஞ்சு புள்ளி ரெண்டு ஒம்போது. பக்கத்து சைஸ் அஞ்சரை."

"அஞ்சரைதான் எடுத்து வெச்சிருக்கேன்."

ரஞ்சிதா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளும் மனத்துக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஐந்துதான் வந்தது.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் வீணாகிவிடக் கூடாதென்று அவன் அலைந்து வாங்கிய சான்றிதழ் அது. மைக்ரானுக்காகச் சண்டை போடுகிறவன், மகளுக்கு மட்டும் முழுசாகப் பதின்மூன்று மாதம் கூட்டியிருந்தான்.

இப்படி ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியாது என்று ரஞ்சிதா அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.

இடம் போனால் போகட்டும். சொல்லிவிட வேண்டியதுதான். அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் குழந்தையின் பக்கம் குனிந்துவிட்டார்.

"கண்ணு, உனக்கு எத்தன வயசு?"

அனுப்ரியா சற்று யோசித்தாள்.

"ஸ்கூல் வயசா, பஸ் வயசா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"ரெண்டையும் சொல்லு."

குழந்தை அப்பாவைப் பார்த்து ஐந்து விரல்களை விரித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, சுண்டுவிரலைக் கட்டைவிரலால் மடக்கிப் பிடித்து, மூன்று காட்டினாள்.

"ஆனா மூணு இன்னும் முடியல," என்று பொறுப்பாகச் சேர்த்தும் சொன்னாள்.

மூன்று முடியாத குழந்தைக்கு பாகலூர் தனியார் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது.

ரஞ்சிதா தரையைப் பார்த்தாள்.

டாக்டர் அந்த மடங்கிய சுண்டுவிரலை மெல்ல நிமிர்த்தி, மூச்சுக்குழாயின் அளவை ஊகிக்க, குழாயை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குழாய்தான் தடிமனாக இருந்தது.

"சரி, வீட்ல எத்தன வயசு?"

"நாலு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

தட்டிலிருந்து ஐந்தரை போனது. ஐந்து வந்தது.

"மேடம், ஸ்கூலுக்கு இது..." என்று இழுத்தான் ராஜேஷ்குமார்.

"தொண்டைக்குத் தெரிஞ்சாப் போதும் சார்."

கதவு மூடியது.

முக்கால் மணி நேரம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு பெஞ்சின் மேல் அவன் கை நகர்ந்து வந்து அவள் கையைத் தொட்டது. அவள் விலக்கவில்லை. மயக்கம் தெளிந்த குழந்தை கரகரத்த குரலில் ஐஸ்கிரீம் கேட்டபோது இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

பத்து நாள் கழித்து, அம்மாவும் மகளும் மட்டும் டாக்டரிடம் காட்டிவரப் புறப்பட்டார்கள். பாகலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே ரஞ்சிதா சொன்னாள்: "ஒரு முழு, ஒரு அரை."

கண்டக்டர் ராஜப்பனுக்கு அவளை இரண்டு வருடமாகத் தெரியும். டிக்கெட்டைக் கிழிக்கப் போன கை நின்றது.

"என்னம்மா, பாப்பாவுக்கு மூணு முடிஞ்சிருச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"நேத்துதாங்கண்ணா," என்றாள்.