நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி

“‘காதுல பாட்ட மாட்டிக்கினா உன் ஊட்டுக்காரரு இன்னா பெரிய ராஜாவா? தொண்ட கிழியக் கூப்புடறேன், திரும்பிக்கூடப் பாக்காம போய்க்கினே இருக்காரு.’ எதிர்வீட்டு கன்னியம்மா கேட்டதை அப்படியே சொல்றேன், ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

சந்திரமோகன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டி முடித்தார். பிறகுதான் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“என்ன அருணா?”

“என்னவா? மறுபடி முதல்லேர்ந்து ஒப்பிக்கணுமா?”

ஒப்பித்தாள். இந்தத் தடவை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், “பாட்டு சத்தத்துல கேட்டிருக்காது, விடு” என்றார்.

“அவளை விடுங்க. நான் கூப்பிட்டா மட்டும் திரும்பிடறீங்களா? நேத்து கால்ல முள்ளு குத்தி நின்னுட்டு, ஏங்க, ஏங்கன்னு கத்தறேன். நீங்க என்ன பண்ணீங்க? எனக்கென்னன்னு குனிஞ்சு லேஸ் கட்டிக்கிட்டிருந்தீங்க. இன்னையோட சரி. நாளையிலேர்ந்து நான் தனியா நடந்துக்கறேன்.”

“ம்” என்றார். வெள்ளை இயர்போன் இரண்டையும் காதில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

எல்லாம் மகள் ரம்யா செய்த வேலை. புனேயிலிருந்து பொங்கலுக்கு வந்தவள், இரண்டு பேர் போனிலும் நடைக்கென்று பாட்டுகளை வரிசை போட்டுக் கொடுத்தாள். சர்க்கரைக்காக வேகமாக நடக்க வேண்டிய அப்பாவுக்கு நிமிஷத்துக்கு நூற்றிருபது அடி. மூட்டுவலிக்கார அம்மாவுக்குத் தொண்ணூறு. தாளம் விழும்போது காலும் விழுந்தால் போதும்.

மணவாள நகர் ஏரிக்கரையில் காலையில் மேற்கே பார்த்துப் போகும்போது அவர் பத்தடி முன்னால் போவார். திரும்பும்போது, “நீ முன்னாடி போ” என்று பின்னால் வருவார். பொண்டாட்டியோடு சேர்ந்து நடந்தால் தலையிலிருக்கும் கிரீடம் இறங்கிவிடும் போலிருக்கிறது என்று அருணா இதற்கு அர்த்தம் செய்துவைத்திருந்தாள்.

இன்றும் அதே பத்தடி. அருணா ஒரு காதில் மட்டும் பாட்டை மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

“மத்தியானம் கம்பெனி பஸ் பிடிக்கிற வரைக்கும் பேப்பருக்குள்ள தலை. சாப்பாடு நல்லாருக்கான்னா ம். உப்பே போடலைன்னாலும் ம். பொண்ணு போன் பண்ணா ஹலோன்னுகூடச் சொல்லாம என் கையில திணிச்சாச்சு. சுவத்தைக் கட்டியிருந்தா ஆணியாவது அடிச்சிருக்கலாம்.”

பாட்டுக்கு நடுவே நாலு வார்த்தையாவது அவர் காதில் விழட்டும் என்று குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

அப்போதுதான் கணக்கு ஒன்று இடறியது. கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலை ஆட்டிக்கொண்டே போட வைத்த மனக்கணக்கு. நூற்றிருபதில் தொண்ணூறு போனால் முப்பது. பத்து நிமிஷத்துக்கு முந்நூறு அடி. இந்த மனுஷர் இந்நேரம் மதகைத் தாண்டியிருக்க வேண்டும். ஒன்றரை மாசமாக எப்படிப் பத்தடியிலேயே இருக்கிறார்?

நடந்துகொண்டே ரம்யாவைப் போனில் கூப்பிட்டாள்.

“உங்கப்பாவுக்கு ஆமை நடைப் பாட்டாப் பாத்து ஏத்திக் கொடுத்தியாடி?”

“காலங்காத்தால என்னம்மா? அப்பா போன்ல பாட்டே கிடையாதே. அன்னைக்கே அழிக்கச் சொல்லிட்டாரு.”

“அப்ப தினம் காதுல எதை மாட்டிக்கிட்டு வர்றார்?”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ரம்யா, உன்னைத்தான்.”

“அவருக்குக் காது கேக்கலம்மா. கும்மிடிப்பூண்டியில முப்பது வருஷமா அந்த இரும்படிக்கிற சத்தத்துல நின்னாரில்ல. ரெண்டு காதும் போச்சுன்னு கம்பெனி டெஸ்ட்லயே சொல்லிட்டாங்களாம். காதுல மிஷின் வெச்சாலும் பெருசா பிரயோஜனம் இல்லையாம். எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறாரு. யாராவது கூப்பிட்டுத் திரும்பலைன்னா பாட்டு கேக்கறாருன்னு நினைச்சுக்கட்டும்னுதான் அதை மாட்டிக்கிறாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரும்மா.”

“ஏன்? தெரிஞ்சா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘கேக்கலைன்னு தெரிஞ்சா உங்கம்மா பேசறதை நிறுத்திடுவா ரம்யா. அவ வாய் அசையாத வீட்டுல நான் எப்படி இருக்கறது’ன்னாரு.”

அருணா நின்றுவிட்டாள். போனை அணைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய நிழல் கரை மண்ணில் நீளமாக முன்னால் விழுந்து, அதன் தலை அவர் ஷூவுக்குப் பக்கத்தில் கிடந்தது. இவ்வளவு நாளும் அது அங்கேயேதான் கிடந்திருக்கும்.

நிழல் நின்றதும் சந்திரமோகனும் நின்றார். திரும்பவில்லை. அவிழாத லேஸைக் குனிந்து அவிழ்த்து, பக்கத்து நிழலை ஓரக்கண்ணால் பார்த்தபடி, அது நகரும்வரை மெல்ல மெல்ல மறுபடி கட்டத் தொடங்கினார்.

“என்னங்க,” என்றாள் அருணா. “நீங்க போதும்ங்கற வரைக்கும் பேசறேன். ஒரே ஒரு தடவை திரும்பி என் வாயைப் பாருங்களேன்.”