முதுகுக்குப் பின்னால்

அந்தப் பெண்மணி மறுபடியும் சிஹாருவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

கியோத்தோ அரசு விருந்தினர் மாளிகையின் விருந்துக் கூடம் அது. ஊர்வலமே நடத்தலாம், அவ்வளவு இடம். சுற்றிப் பார்க்க வந்திருந்ததோ இருபது பேர். அப்படியும் இந்த அம்மாளுக்கு நிற்க வேறு இடம் கிடைக்கவில்லை.

சிஹாருவுக்குப் புரிந்துவிட்டது. கிமோனோ போலீஸ். கிமோனோ கட்டிய இளம்பெண் யாரைக் கண்டாலும் பின்னாலேயே போய், கழுத்துப்பட்டி சரியில்லை, முடிச்சு சரியில்லை என்று குறை சொல்கிற அம்மாக்களுக்கு அப்படித்தான் பெயர்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இன்றைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர் ஃபுமியே அம்மா. அவள் கட்டிக்கொள்ள விரும்பும் சோய்ச்சியைப் பெற்றவர். தலைமுறை தலைமுறையாகக் கிமோனோவுக்கு இடுப்புப் பட்டை நெய்கிற குடும்பம். சிஹாருவை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் சரியென்று சொன்னால்தான் கல்யாணம்.

"வீட்ல உட்கார வெச்சா ரெண்டு பேரும் ஊமையா இருப்பீங்க. மாளிகையைப் போய்ப் பாருங்க, பேச ஏதாவது கிடைக்கும்" என்று நுழைவுச் சீட்டும் சோய்ச்சியே வாங்கிக் கொடுத்திருந்தான்.

பேச்சாவது ஒன்றாவது. வாசலில் ஃபுமியே அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அடடே, என்ன எடுப்பான கலர்."

சிஹாரு பிறந்தது மீன்பிடித் துறைமுகத்தில். கியோத்தோக்காரர்கள் பாராட்டினால் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோயில் சந்தையில், பழந்துணிக் குவியலில் பொறுக்கிய கிமோனோ என்பதைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறதே என்று பயந்தாள்.

அதோடு சரி. அவள் குனிந்து பையை வாசலில் பார்வையாளர்களுக்கென்று இருந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிமிர்வதற்குள் ஃபுமியே அம்மா விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழிகாட்டி சுவரைக் காட்டினார். "இந்தப் பூவெல்லாம் வரைஞ்சது இல்லை. அத்தனையும் நூல்ல நெய்தது. கிட்ட வந்து பாருங்க."

எல்லோரும் கிட்டப் போனார்கள். சிஹாரு இடப்பக்கம் நகர்ந்தாள். பின்னால் நின்றவளும் இடப்பக்கம் நகர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

"பரவாயில்லைம்மா. எனக்கு இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

"இங்கிருந்து என் முதுகுதானே தெரியும்?"

"அதுவும் அழகாத்தான் இருக்கு."

சிஹாருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய் விரித்த அறைக்குப் போனார்கள். அங்கே நீளமான கறுப்பு அரக்கு மேஜையில் தோட்டத்து மரங்கள் தலைகீழாகத் தெரிந்தன. அதை ரசிக்க அவளுக்கு மனம் எங்கே இருந்தது? பிடரியில் அந்த அம்மாளின் மூச்சுதான் பட்டுக்கொண்டிருந்தது.

குளத்தின் மேல் மரப்பாலம். கீழே வண்ண வண்ணக் கெண்டை மீன்கள். கூட்டமே கைப்பிடியில் சாய்ந்து குனிந்தது. சிஹாருவும் குனியப் போனாள். வெடுக்கென்று ஒரு கை அவள் தோளைப் பிடித்தது.

"குனியாதே."

"எல்லாரும்தானே குனியறாங்க?" அவளையும் மீறிக் குரல் உயர்ந்துவிட்டது.

முன்னாலிருந்து, திரும்பாமலே, ஃபுமியே அம்மாவின் குரல் வந்தது. "அவங்க சொல்றதைக் கேளு, சிஹாரு. நேரா நில்லு."

அவ்வளவுதான். மீன்களெல்லாம் கலங்கித் தெரிந்தன. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குப் பரிந்துகொண்டு வருகிறவர் தன்னை எங்கே வீட்டுக்குள் சேர்க்கப் போகிறார்? சாயங்காலம் சோய்ச்சியிடம் தானே 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அவர் வாயால் கேட்பதற்கு அது எவ்வளவோ மேல்.

சுற்றிப் பார்த்து முடிந்ததும் அந்தப் பெண்மணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"திரும்பி நில்லு. இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தையல் விட்டுக் கிடக்கு. பழைய நூல், பாவம், இத்தனை நாள் தாங்கினதே பெரிசு. உள்ளே போட்டிருக்கிற சிவப்பு அங்கி பளிச்சுனு தெரியுது."

சிஹாரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று.

"அதுக்காகவா... என் பின்னாலேயே வந்தீங்க?"

"என் உடம்பைப் பாரு, ஈர்க்குச்சி. ஒட்டி நின்னாத்தானே மறையும்?" சொல்லிக்கொண்டே அவள் ஊசியில் நூல் கோத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுடுங்க. உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேன்." சிஹாரு தொடர்ந்தாள். "இன்னும் ஒரே ஒரு உதவி. முன்னால போனாங்களே ஓர் அம்மா, அவங்களுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். ஏற்கெனவே என்னைப் பிடிக்கலை அவங்களுக்கு. ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கலை."

ஊசி நின்றது.

"உன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்றாள் அந்தப் பெண்மணி. "ஆனா நீ இப்படி நினைச்சுக்கிட்டு வீடு போய்ச் சேரக் கூடாது. இந்த ஊசி நூலே அவங்களோடதுதான்."

சிஹாரு திரும்ப முயன்றாள். அசையாதே என்று இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் சொன்னாள்:

"வாசல்ல நீ குனிஞ்சு பையைப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டிருந்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'நான் பின்னால போனா, நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சு குறுகிப் போயிடுவா. நான் திரும்பாம முன்னால போயிடறேன், நீங்க கொஞ்சம் என் மருமக பின்னாலேயே வாங்க'ன்னாங்க."