மஞ்சள் வயர்

"அழகுமலை மாமா வேலைதான் சார் இது. ஒரே லயத்து ஆளுன்னு பாக்க மாட்டேன். கண்டுபிடிச்சுக் குடுத்துடறேன்."

மோனிஷா அடித்துச் சொன்னதும் மேனேஜர் பூபதிராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

விஷயம் இதுதான். வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் அது. அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். கேட் வாட்ச்மேன் அழகுமலைக்கும் மழைக்கும் என்ன பகையோ, நாலு துளி விழுந்தால் போதும், ஆள் கேட்டில் இருக்க மாட்டார். மழை விட்ட பிறகுதான் வந்து சேருவார். மூன்று மெமோ கொடுத்துப் பார்த்தாச்சு. ஒப்பு போட்டு வாங்கிக்கொண்டாரே தவிர, மனுஷன் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை சஸ்பெண்ட்.

அன்று மத்தியானம் மழை பிடித்தது, இன்டர்நெட் போயே போச்சு. நெட் இல்லாமல் இலை எடை போடும் மிஷின் ஓடாது. கொழுந்து மூட்டையோடு பெண்கள் ஒன்றரை மணி நேரம் நனைந்தார்கள். செவ்வாயும் அதே கூத்து. புதன்கிழமை பூபதிராஜா மோனிஷாவை வரவழைத்தார்.

"ரெண்டு வருஷமா மழைக்கு அசையாத நெட்டு, அவனை நிறுத்தின அன்னைக்கே எப்படிம்மா போகும்? போற போக்குல எதையோ நோண்டிட்டுப் போயிருக்கான். சாயங்காலம் என்கொயரி. நீ ரிப்போர்ட் குடு, டிஸ்மிஸ் பண்ணிடறேன்."

மோனிஷாவுக்கும் ஆத்திரம்தான். அந்த ரவுட்டரில் ஓடும் ஸ்கிரிப்ட் அவள் எழுதியது. மலை மேலிருக்கும் டிஷ் மழையில் படுத்துவிட்டால், ரவுட்டர் தானாகவே சிம் கார்டு லைனுக்கு மாறிக்கொள்ளும். டவுனில் நெட் கம்பெனியில் சேர்ந்த புதிதில் அவள் செய்த முதல் வேலை.

"லயத்துப் புள்ளைக்கு ஒரே ஒரு சான்ஸ். ஒரு தடவை சொதப்பினாலும் கொச்சியிலிருந்து ஆள் வரும்" என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னவர் இதே பூபதிராஜாதான். அதற்கப்புறம் அவள் ஸ்கிரிப்டுக்குக் கிடைத்த பேரில்தான் சுற்றுவட்டார எஸ்டேட்டெல்லாம் அவளைத் தேடி வந்தன. அதில் போய்க் கை வைத்தால் சும்மா விடுவாளா?

ரவுட்டர் இருக்கும் ஃபேக்டரி மாடி ரூமில் லேப்டாப்பைத் திறந்தாள். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டு வருஷத்தில் அறுபத்து மூன்று தடவை ஓடியிருந்தது. அத்தனையும் மழை நாள். திங்கட்கிழமையிலிருந்து ஒன்றுமில்லை.

"யாருமே தொடலையே! அப்புறம் என்ன கேடு இதுக்கு?"

யோசித்துக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. நெட் போனது. அவள் ஸ்கிரிப்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அது அசையவே இல்லை. கீழே பெண்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாறித் தொலையேன் சனியனே!"

கோபத்தில் ரவுட்டரிலிருந்த மஞ்சள் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கியதுதான் தாமதம், ஸ்கிரிப்ட் ஓடியது, நெட் வந்துவிட்டது.

மோனிஷா கையில் வயரோடு அப்படியே நின்றாள்.

மலை மேல் டிஷ் செத்தாலும், கீழே ரவுட்டருக்கு வரும் வயரில் உயிர் இருக்கும். வயர் பேச்சுமூச்சு இல்லாமல் போனால்தான் அவள் ஸ்கிரிப்ட் எழுந்திருக்கும். மழையால் அது நடக்காது, யாராவது பிடுங்க வேண்டும். அன்றைக்கு அவளும் வயரைப் பிடுங்கித்தான் சோதித்தாள். மாறியது, கைதட்டல் வாங்கினாள், வீட்டுக்குப் போனாள். ஒரு மழைக்குக்கூடக் காத்திருந்து பார்க்கவில்லை.

அப்படியானால் அறுபத்து மூன்று தடவை பிடுங்கியது யார்?

அன்று பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றது அழகுமலை!

"ஐயோ மாமா! நான் உருவிக் காட்டினதப் பாத்துட்டு, மழை வந்தா உருவணும்போலன்னு நெனச்சிட்டீங்களா? மழை விட்டதும் திரும்பச் சொருகணுமேன்னு இங்கயே காத்துக் கெடந்தீங்களா?" என்று காலி ரூமில் புலம்பினாள்.

ஸ்கிரிப்டை மாற்றினாள். இனி வயரைப் பார்க்காதே. வெளியே கூப்பிட்டுப் பார், மூன்று தடவை பதில் இல்லையென்றால் மாறு. மஞ்சள் வயரைத் திரும்பச் சொருகினாள். மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முப்பதாவது செகண்டில் தானாக மாறியது. யாரும் தொடவில்லை!

"ஜெயிச்சாச்சு!" என்று அந்த ரூமே அதிரக் குதித்தாள். கீழே எடை மிஷின் 'பீப்' என்றது, பெண்கள் விசிலடித்தார்கள்.

'சரியாயிடுச்சு சார்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவள் பேருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அவள் நேராக என்கொயரிக்குப் போனாள். அழகுமலையும் அங்கே நின்றிருந்தார்.

"தப்பு எங்கிட்டதான் சார். என் ஸ்கிரிப்ட் ஒரு மழைக்குக்கூடத் தானா ஓடல. ஒவ்வொரு தடவையும் ஓட வெச்சது இவரு. பாவம், தெரியாம வயரை உருவியிருக்காரு."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பூபதிராஜா அறுபத்து மூன்று வரியையும் படித்துப் பார்த்தார். பிறகு மூன்று மெமோவையும் எடுத்துக் கிழித்துப் போட்டார்.

"நாளைக்கு ஜோலிக்கு வந்துடு. ஏன்யா, இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

அழகுமலை தலையைச் சொறிந்தார்.

"தெரியாம எல்லாம் உருவல தொரை. மொத மழையிலயே நெட்டு தானா மாறல. எனக்கு மூணு மெமோ தாங்குச்சு. ஒரே ஒரு சான்ஸுன்னு சொல்லி வெச்சிருந்தீங்களே, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுகூடத் தாங்காதுல்ல?"