வெள்ளிக்கிழமை கேக்

“இது பகல் கொள்ளை!” மால்தே திரையைக் காட்டிக் கத்தினான்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் இருந்த அந்த மூளை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய கம்ப்யூட்டர். அதன் மெமரியில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது திரையிலேயே தெரியும். பாதிக்கு மேல் மூத்த ஆய்வாளர் பிர்கிட்டேயின் பெயரில் இருந்தது.

மால்தேயின் வேலையோ ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேன் செய்த மூளைப் படங்களையெல்லாம் மென்பொருள் அலசி முடித்தால்தான் அவன் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப முடியும். நாளை மதியம் கடைசி நேரம். முதல் மாநாடு வேறு. அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள்.

“பங்கிட்டுக்கணும்னு நமக்குப் பாடம் எடுக்கறதே அவங்கதான். அவங்களே முழுங்கினா?”

“என்கிட்ட ஏன் பொருமறே? நேரா அவங்களையே கேளு,” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் ஹென்னிங். பஞ்சாயத்து என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

காபி நேரத்தில், எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டான்.

“அவ்வளவு மெமரி உங்களுக்கு எதுக்கு, பிர்கிட்டே?”

ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பிர்கிட்டே நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்ததும் மென்று விழுங்கினார்.

“கொஞ்சம் அவசர வேலை.”

“அப்ப எங்க வேலையெல்லாம்?”

“தப்புதான்ப்பா.”

ஹென்னிங் மேசையைத் தட்டினார். “குற்றவாளி ஒத்துக்கிட்டாச்சு! நாளைக்கு கேக் பிர்கிட்டேயோடது!”

அங்கே அதுதான் சட்டம். சொதப்பியவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். அதை வெட்டும்போது, செய்த தப்பைத் தன் வாயாலேயே சொல்லவும் வேண்டும். மற்றவர்கள் வாய் நிறைய கேக்கோடு கிண்டலடிப்பார்கள்.

மறுநாள் காலை ஆப்பிள் கேக் வந்தது. “நான் ஒரு மெமரி முழுங்கி,” என்று பிர்கிட்டே வாக்குமூலம் கொடுக்க, கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

மால்தே மட்டும் தன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அவன் வேலை இன்னும் பாதியைத் தாண்டவில்லை. எழுந்து தன் அறைக்குப் போனான். பின்னாலேயே வந்த பிர்கிட்டே கதவைச் சாத்தினார்.

“போன வாரம் மென்பொருளைப் புதுப்பிச்சியே, அது எடுத்துக்கற மெமரி அளவைத் திரும்ப ஏத்தி வச்சியா?”

மென்பொருளைத் திறந்து பார்த்தவனுக்கு முகம் வெளுத்தது. புதுப்பித்ததும் அளவு தானாக அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சேர்ந்த முதல் நாளே இங்கே சொல்லித் தருகிற பாடம் அது.

“இவ்வளவு பெரிய விருந்துல அதுகிட்ட ஒரு சாஸரைக் குடுத்து அனுப்பியிருக்கே. பாவம், நடையா நடக்குது!” சிரித்தார் பிர்கிட்டே.

“இனிமே ஏத்தி என்ன? மதியத்துக்குள்ள முடியாதே.”

“முடிஞ்சாச்சு. புதன்கிழமையே கவனிச்சேன். உன் கணக்குக்குள்ள நான் கை வைக்க முடியாது. அதான் உன் படங்களை என் கணக்குல, அளவை ஏத்தி ஓட்டினேன். காலையிலதான் முடிஞ்சுது. எல்லாம் உன் மெயில்ல இருக்கு, கட்டுரையை எழுதி அனுப்பு.”

மால்தேக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான் அத்தனை பேர் முன்னாடி கேட்டேனே! அப்பவே சொல்லியிருக்கலாமே?”

கதவைத் திறந்தபடி பிர்கிட்டே திரும்பிப் பார்த்தார்.

“சொல்லியிருந்தா, இன்னிக்குக் கேக்கோட அங்க நீதானே நின்னிருப்பே?”